இருபத்தொன்பது நாள், ஒன்பது நிமிடம்

மகள் பூனை வரைந்திருந்த தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸ் டிரைவர் சிரித்த சிரிப்பில், கையிலிருந்த தேநீர் தளும்பி மேசையில் சிந்தியது.

"கணக்கம்மா, இங்க வா. நான் ஒரு எடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு போட்டிருக்கே பாரு. இருபத்தொன்பது நாள், ஒன்பது நிமிஷம்! வண்டிய ஓட்டிக்கிட்டுப் போனேனா, இல்ல தலையில தூக்கி வச்சிக்கிட்டு நடந்தேனா?"

மனைவி அடுப்பைத் துடைத்தபடியே திரும்பாமல் சொன்னாள். "அது கணக்குல சேக்காம கழிச்சுப் போட்டதுங்க. ஃபோன் ரூம்ல அவசரத்துல யாராவது தப்பா எழுதியிருப்பாங்க. குட்டி வரையட்டும்னு கொடுத்தேன்."

"தப்பு ஒண்ணும் இல்ல, இது என் ட்ரிப்புதான். மாடிப்படியிலயே குழந்தை பொறந்துதே, அது. பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப கூப்பிட்டாங்க, பன்னெண்டு நாலுக்கு நான் வாசல்ல நிக்கறேன். ஒன்பதே நிமிஷம். அதைச் சரியா போட்டிருக்கே. மீதி இருபத்தொன்பது நாளை எங்கேருந்து பிடிச்சே?"

துடைக்கிற கை நின்றுவிட்டது. அவன் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தாள். அழைப்பு 09/08, இரவு 23:55. வந்து சேர்ந்தது 10/08, 00:04. எட்டாம் மாதம் ஒன்பதாம் தேதி முடிந்து பத்தாம் தேதி பிறந்த நேரம். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்லங்க. நீங்க கெளம்புங்க, நேரமாச்சு."

அவன் போன பிறகு, மகளுக்குத் தலை வாரும்போது வகிடு மூன்று முறை கோணிப்போனது. "அம்மா, வலிக்குது" என்று குட்டி முனகினாள்.

இதை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. ஆம்புலன்ஸ் நிலையங்கள் இரண்டில் ஒன்றை மூடுவதென்று சுகாதாரத் துறை முடிவு செய்திருந்தது. ஒன்று மேட்டு நிலையம். மற்றது ரயில்வே கேட்டை ஒட்டிய கேட்டடி நிலையம். நம் டிரைவர் இருப்பது அங்கேதான். மூன்று மாத அழைப்புகளை எடுத்து, எந்த நிலையத்து வண்டி சீக்கிரம் போய்ச் சேருகிறதென்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டியது இவள் வேலை. "என் வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார் மேடம், வேற யாருக்காவது கொடுங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்த்தாள். "எனக்கு உன்னைத் தெரியாதா?" என்று மேலதிகாரியான மேடம் வாயை அடைத்துவிட்டார். கணக்கு, கேட்டடிக்குச் சாதகமாக வந்தது. அன்றைக்கு இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அந்த நிலையம் மூடினால் அவனை மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்குத் தூக்கியடிப்பார்கள். ஆறு வருடம் அப்படிப் பிரிந்து கிடந்து, இரண்டு வருடமாகத்தான் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அப்பா முதுகில் கால் போட்டால்தான் குட்டிக்கு இப்போது தூக்கமே வருகிறது.

நாம் தேதி என்று எழுதுவது இயந்திரத்துக்குத் தேதியே இல்லை. எழுத்தும் கோடுமாக ஒரு வரிசை, அவ்வளவுதான். முன்னால் இருப்பது நாள், பின்னால் இருப்பது மாதம் என்று நாம்தான் ஒரு வரி எழுதிச் சொல்லித்தர வேண்டும். கேட்டுக்கொண்டு, அதைக் காலமாக மாற்றித் தரும். தப்பாகச் சொல்லிக் கொடுத்தாலும் அதே பணிவோடு மாற்றித் தரும். போன வருடம் வேறொரு அலுவலகத்துக்கு எழுதிய வரியை இவள் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள். அந்த அலுவலகத்தில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். அதனால் எட்டாம் மாதம் ஒன்பதாம் தேதி, ஒன்பதாம் மாதம் எட்டாம் தேதியாகிவிட்டது; அதற்கு மறுநாள், பத்தாம் மாதம் எட்டாம் தேதியாகிவிட்டது.

எட்டரை மணிக்கெல்லாம் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். மின்விசிறியைப் போட்டாள், அணைத்தாள், மறுபடியும் போட்டாள். காலமாக மாறாமல் வெறுமையாக நின்றுபோன வரிகள் எத்தனை என்று முதல்முறையாக இயந்திரத்தை எண்ணச் சொன்னாள். பாதிக்கும் மேல். பதின்மூன்றாவது மாதம் என்று உலகத்தில் ஒன்று கிடையாதே. அதனால் பதின்மூன்றாம் தேதியிலிருந்து மாதக் கடைசிவரை அத்தனை அழைப்பும் வெறுமையாகிக் கிடந்தது. வெறுமையானதைத் தள்ளிவிடு என்று அவளே ஒரு கட்டளையும் எழுதிவைத்திருந்தாள். இயந்திரம் அன்று சிவப்பில் ஒரு எச்சரிக்கை காட்டியது நினைவிருந்தது. எப்போதும் வருவதுதானே என்று திரையை மேலே நகர்த்தியதும் நினைவிருந்தது.

சராசரி என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று ஒரு நிமிடம் தன்னையே சமாதானம் செய்து பார்த்தாள். ஆனால் அவள் வீட்டுச் சமையலறையில் மாதாமாதம் கேட்கிற புலம்பல் காதிலேயே இருந்தது. "பதினஞ்சாம் தேதிக்கு மேல கேட்டு திறந்தாதானே? சரக்கு ரயில் ஒண்ணு போனா இன்னொண்ணு. வண்டிக்குள்ள ஆளு துடிக்குது, நான் ஹார்ன் அடிச்சிக்கிட்டு நிக்கறேன்." மாதத்தின் பின்பாதி முழுக்க அந்த கேட் பூட்டிப் பூட்டித் திறக்கும். அந்தப் பின்பாதியைத்தான் அவள் தொலைத்திருந்தாள்.

யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. மேட்டு நிலையத்தை மூடும் உத்தரவு பதினொரு மணிக் கூட்டத்தில் கையெழுத்தாகிவிடும். எழுந்து ஜன்னல் வரை போனாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினாள். வண்டிக்குள் துடிக்கிற ஆளுக்கு முகம் இல்லாமல்தான் இத்தனை நாள் இருந்தது. இன்றைக்கு அந்த ஆள் ஒவ்வொரு வரியிலும் படுத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

நாளை முன்னால் வைத்தாள், மாதத்தைப் பின்னால் வைத்தாள். இரண்டே எழுத்து இடம் மாறியது. வெறுமை: பூஜ்யம். மேட்டு நிலையம் பதினொரு நிமிடம். கேட்டடி பத்தொன்பது.

பத்தே முக்காலுக்கு மேடத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

"என்னம்மா, எழுத்துப் பிழையா?"

"இல்ல மேடம். கணக்கே தப்பு. என் தப்புதான். பாதி மாசத்தை விட்டுட்டேன்."

மேடம் புதிய தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். "உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவர்தான் மேடம் கண்டுபிடிச்சார். ஆனா, என்னத்தைக் கண்டுபிடிச்சோம்னு அவருக்குத் தெரியாது."

மேடம் தாளைக் கோப்புக்குள் வைத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

வராந்தாவுக்கு வந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. அவன்தான்.

"ஆஸ்பத்திரியில ஆளை எறக்கிட்டுத் திரும்பிக்கிட்டிருக்கேன். என் தலையெழுத்து, கேட்டுப் பூட்டிட்டான். சரி, காலையில ஏன் அப்படி நின்னே? ஏதோ இருக்கு உன் மனசுல."

"இருக்குங்க. அந்த ட்ரிப்பு…"

"என்ன? சத்தமா சொல்லு!"

"கேட்டடி நிலையத்தை…"

"ஒரு எழவும் கேக்கல. ரயில் வந்துடிச்சு. இரு, போகட்டும். போனை வச்சிடாதே."

வைக்கவில்லை. காதோடு அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். எதிரில், கூட்ட அறையின் கதவு ஒவ்வொருவராக உள்ளே போகப் போக ஆடிக்கொண்டிருந்தது. கைப்பேசிக்குள் சரக்குப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடத்துக் கடந்துகொண்டிருந்தன. தன்னையறியாமல் அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு… அந்த இரைச்சலுக்கு அடியில், ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, அவள் சொல்லப் போவதற்காக அவன் காத்திருப்பது கேட்டது.