பெஞ்சில் ஓர் இடம்

கோர்ட் திறப்பதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து நின்றுவிட்டது. இறங்கியவர்கள் எல்லோரும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள். எல்லோர் உடம்பிலும் ஒரே மாதிரி மஞ்சள் டீ-சர்ட்.

"உள்ள போய் பெஞ்சையெல்லாம் புடிச்சு உக்காருங்க. தீர்ப்பு முடியற வரைக்கும் எவனும் எந்திரிக்கக் கூடாது," என்றார் சூப்பர்வைசர்.

"உக்காந்தே சம்பளம். இந்த மாதிரி வேலை தினமும் குடுத்தா நான் லீவே போட மாட்டேன் சார்," என்றான் அவர்களில் ஒரு வாயாடி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கரி ஏற்றிப்போகும் டம்பர் லாரியின் டிரைவர் சிரிக்கவில்லை. வாயாடிக்குப் பக்கத்தில், பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்தார். ஏசி காற்று நேராகக் கழுத்தில் இறங்கியது. எத்தனை தேய்த்தாலும் கறுப்பு போகாத நகங்களைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சுரங்கத்தைப் பக்கத்துக் குன்று வரைக்கும் வெட்டிக்கொள்ள அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. அந்தக் கரியெல்லாம் எரிந்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று பார்க்காமல் கொடுத்த அனுமதி செல்லாது என்று சிலர் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி டிரைவரின் தங்கை. அவள் புருஷன் ரோடு போடுகிறவர். போன கோடையில் கொதிக்கும் தாருக்குப் பக்கத்திலேயே மயங்கிச் சரிந்தார். ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்தும் உடம்புச் சூடு இறங்கவில்லை.

துக்க வீட்டில் அவள் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அந்தக் கரிய நீ ஏண்ணே அள்ளிக்கிட்டுப் போற?"

"நான் ஓட்டலன்னா இன்னொருத்தன் ஓட்டப் போறான்மா," என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

இப்போது அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். பியூன் கதவைப் பாதி திறந்து, "இடம் இல்லம்மா. நின்னு கேக்க விட மாட்டாங்க. யாராச்சும் எந்திரிச்சா உள்ள விடுறேன்," என்று சொல்வது கேட்டது.

"திரும்பாத," என்றான் வாயாடி மெதுவாக. "சூப்பர்வைசர் உன்னையேதான் பாக்குறாரு."

"அவ புருஷன் செத்த விஷயம்டா. அவ கேக்க வேண்டாமா?"

"அனுமதி போச்சுன்னா நம்ம சோத்துல மண்ணு. அத நெனச்சுக்கோ."

நீதிபதி வந்தார். எல்லோரும் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தார்கள். டிரைவர் மட்டும் உட்காரவில்லை. வண்டிச் சாவியைத் திருகும்போது தினமும் சொல்வதுபோல "ஆண்டவனே" என்று முணுமுணுத்தார். சூப்பர்வைசர் உட்காரச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். டிரைவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

"உள்ள போய் உக்காரும்மா."

"நீண்ணே?"

"எனக்குக் கால் மரத்துப் போச்சு. கொஞ்ச நேரம் நிக்கிறேன்."

காலியான இடத்தில் வேறு யாரும் உட்காராதபடி வாயாடி தன் பையை வைத்திருந்தான். அவள் வந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நேராக நீதிபதியையே பார்த்தபடி, கம்பெனி கொடுத்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான்.

சூப்பர்வைசர் வெளியே வந்தார். "கழட்டு."

"என்ன சார்?"

"டீ-சர்ட்ட. அது கம்பெனியோடது. நாளைக்கு கம்பெனி கேட்டுப் பக்கம் வராத. வண்டிக்கு வேற ஆள் போட்டுக்கிறேன்."

டிரைவர் கழற்றினார். உள்புறம் வெளியே வந்திருந்ததைச் சரிசெய்து, மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். பனியனோடு சுவரில் சாய்ந்து நின்றார். கண்ணாடிக்குள் நீதிபதியின் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது.

அதிக நேரம் ஆகவில்லை. மஞ்சள் சட்டைகள் கைதட்டின, பியூன் அதட்டினார். தங்கை வெளியே வந்தாள்.

"என்னம்மா சொன்னாரு?"

"அனுமதி செல்லுமாம். இங்க வெட்டலன்னாலும் வேற எங்கயாவது வெட்டத்தான் போறாங்களாம். அதனால இந்தச் சுரங்கத்தாலதான் சூடு ஏறும்னு சொல்ல முடியாதாம்." அவள் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடினாள். "நீ அன்னிக்குச் சொன்னதுதாண்ணே. நீ அழுதுட்டே சொன்ன. அவரு ஒரே சீரா படிச்சுட்டுப் போயிட்டாரு."

டிரைவர் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உன் சட்டை எங்கண்ணே?"

"அது என்னோடது இல்லம்மா."

வெளியே வெயிலில் கண் கூசியது. கம்பெனி பஸ் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. வாயாடி மட்டும் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி போனான். டவுன் பஸ் வர நேரமிருந்தது. நிழல் என்று இருந்தது கோர்ட்டின் பக்கவாட்டுச் சுவரோரம் மட்டும்தான். இருவரும் அங்கே போய் ஒண்டினார்கள். மீதித் தண்ணீரை அவள் அவரிடம் நீட்டினாள்.

தலைக்கு மேலே வரிசையாக ஏசி பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்த சூட்டையெல்லாம் இழுத்து, சுவரோரம் நின்ற இரண்டு பேர் மேல் ஊதிக்கொண்டிருந்தன.