மலையைப் பார்க்காத கணினி

மழை மூன்றாவது நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பண்டாரவளையில் மரக்கறி மொத்தக் கடை ஒன்றின் மேல்மாடியில் உட்கார்ந்து, கணினித் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள் அஞ்சலின். அதில் திரும்பத் திரும்ப ஒரே வரிதான் வந்தது: மீண்டும் தொடங்குகிறது.

"திரும்பவும் விழுந்துட்டுதா?" என்று கேட்டான் ஷிபான். அந்த அறையில் அவளோடு வேலை செய்கிறவன் அவன் ஒருவன்தான். கூரையில் நிற்கும் அன்டெனா அவன் பொறுப்பு.

"எழும்புது, கொஞ்சம் முழிக்குது, விழுந்துருது. காலையிலருந்து இதே கூத்துதான்."

அவர்கள் பேசிக்கொண்டது, அவர்கள் வேலை செய்யும் கொழும்புக் கம்பனி மேலே அனுப்பிய சின்னச் செயற்கைக்கோளைப் பற்றி. சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மற்றச் செயற்கைக்கோள்கள் படம் எடுத்துக் கீழே அனுப்பும். மனிதர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள். இதற்குள் இருந்த கணினி, மலைச்சரிவுகளின் படத்தை மேலேயே பார்த்து, மண் நகர்ந்திருந்தால் செய்தி மட்டும் அனுப்ப வேண்டும். அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் நிரலை எழுதியவள் அஞ்சலின்.

கீழே சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. மேலே போன பிறகுதான் தொல்லை தொடங்கியது. "அங்க குளிர்தானே, பிறகெப்படி சூடாகுது?" என்று கம்பனி முதலாளி ஜெயகுமார் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். குளிர்தான், ஆனால் காற்று இல்லை, சூட்டை அள்ளிக்கொண்டு போக ஒன்றுமில்லை, கணினி தன் சூட்டிலேயே கிடந்து வேகிறது என்று அவளும் அத்தனை தடவை சொல்லிவிட்டாள். அதனால் கொஞ்ச நேரம் வேலை, நிறைய நேரம் ஓய்வு என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வந்திருந்தது வேறு வியாதி. விண்வெளியில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எந்நேரமும் பாய்கின்றன. ஒன்று நினைவகத்தில் பட்டால் போதும், பூச்சியம் இருந்த இடத்தில் ஒன்று வந்துவிடும். அதைத் தாங்குவதற்கென்றே செய்த சில்லுகள் உண்டு. ஆனால் படம் பார்க்கிற அளவுக்கு அவற்றுக்கு வேகம் போதாது. ஆகவே கைத்தொலைபேசியில் இருப்பது போன்ற சாதாரணச் சில்லைத்தான் வைத்தார்கள். துகள் பட்டது அதில் சேமித்து வைத்திருந்த அவளுடைய நிரலில். கணினி எழும்பும் ஒவ்வொரு முறையும் பழுதான அந்த இடத்துக்கு வந்து தடுக்கி விழுந்தது.

நல்ல பிரதி ஒன்றை மேலே அனுப்பினால் சரியாகிவிடும். ஆனால் செயற்கைக்கோள் ஒரு மலைக்கு மேலே எழும்பி மறு மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் அனுப்பி முடிக்க வேண்டும். இடையில் கணினி ஒருமுறை விழுந்தால், வாங்கிய துண்டுகள் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

அன்று மத்தியானம் பிரதியில் முக்கால்வாசி மேலே போய்விட்டது. அஞ்சலின் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது பார்த்து மிக அருகில் இடி விழுந்தது. ஷிபான் பாய்ந்துபோய் அன்டெனா வயரைப் பிடுங்கினான்.

"ஏன் கழட்டுன?" என்று கத்தினாள்.

"கழட்டாட்டி எல்லாம் எரிஞ்சு போகும் அஞ்சலின். பிறகு எதை வெச்சு அனுப்புவே?"

அவன் சொன்னது சரிதான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். கை வலித்ததுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் அம்மா மதலேனாவின் அழைப்பு வந்தது. அம்மாவும் அப்பாவும் ஹல்துமுல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மலைச்சரிவை ஒட்டி வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளான லயத்தில் இருந்தார்கள்.

"புள்ள, கவர்மெண்டு கிராம சேவகர் ஐயா வந்தாரு. மண்ணு சரியலாம்னு எல்லாரையும் ஸ்கூலுக்குப் போகச் சொல்றாரு."

"போயிட்டீங்களா?"

"இல்ல. தோட்டத் தலைவர் மாடசாமி மாமாதான் வேணாம்னுட்டாரு. மண்ணு நகந்தா ஒன் மெசின் சொல்லும்லனு சொல்றாரு. லயத்துல எல்லாரும் அதை நம்பித்தான் இருக்காங்க. அது ஒண்ணும் சொல்லலயே?"

செயற்கைக்கோள் போன புதிதில், 'மலையகத்து மக்களைக் காக்கும் வானத்துக் கண்' என்று ஜெயகுமார் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார். அஞ்சலினின் படத்தோடு வந்த அந்தச் செய்தியைத் தோட்டத்துக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

உடனே ஜெயகுமாருக்கு எடுத்தாள். "சேர், கணினி வேலை செய்யலன்னு தோட்டங்களுக்குச் சொல்லணும்."

"அவசரப்படாதீங்க. இன்றைக்கே சரிப்படுத்திடுவீங்கதானே? வேலை செய்யலன்னு வெளியே போனா கம்பனி பேர் கெட்டுடும்."

"சனம் அதை நம்பி லயத்துலயே இருக்கு சேர்!"

"போகச் சொல்ல அரசாங்கம் இருக்கு. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அவள் மாடசாமியின் இலக்கத்தை அழுத்தினாள்.

"மாமா, நான் அஞ்சலின். எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க."

"ஏம்மா, மெசின் சொல்லுச்சா?"

"மெசின் ஒண்ணும் சொல்லாது. அது பழுதாகிக் கெடக்கு."

"அப்ப பேப்பர்ல போட்டதெல்லாம் பொய்யா?"

"ஓடுறப்ப ஓடுச்சு மாமா. இப்ப ஓடல. கெஞ்சிக் கேக்கிறேன், போங்க."

"நம்ம புள்ள செஞ்சதுன்னு ஊரு பூரா பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று முணுமுணுத்துவிட்டு அவர் வைத்துவிட்டார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இருட்டுவதற்கு முன் அம்மா மறுபடி எடுத்து, பாயும் போர்வையுமாக எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னபோதுதான் அஞ்சலின் தேநீர் குடித்தாள்.

மறுநாள் இடி இல்லை. நிரல் முழுசாக மேலே போனது. கணினி எழும்பியது, விழவில்லை. ஷிபான் கை தட்டினான். அடுத்த முறை மலைக்கு மேல் வந்தபோது அது பழுது நீங்கிய பின் முதல் செய்தியை அனுப்பியது: ஹல்துமுல்லைச் சரிவு, மாற்றம் இல்லை.

அஞ்சலின் சந்தோஷப்படத்தான் போனாள். ஆனால் ஏதோ இடித்தது. முடிவை மட்டும் அனுப்பும் கணினியிடம், எந்தப் படத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாய் என்று கேட்டு அந்தப் படத்தை வரவழைத்தாள். வரி வரியாக இறங்கிய படம் முழுக்க வெள்ளை. முகில். மலையும் இல்லை, லயமும் இல்லை. முகிலைப் பார்த்துவிட்டு, நில வெடிப்பு எதுவும் தெரியாததால், மாற்றம் இல்லை என்று சொல்லியிருந்தது.

அவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். தெளிவான படங்களைக் காட்டியே அதைப் பழக்கியிருந்தாள். மழைக்காலத்தில் மலைக்கு மேல் என்ன இருக்கும் என்று இந்த மலையில் பிறந்தவளுக்குத் தெரியாதா?

"பழுதாகாம இருந்திருந்தா நேத்தே இதைத்தான் சொல்லியிருக்கும். சனமும் நம்பி அங்கயே இருந்திருக்கும்" என்றாள்.

ஜெயகுமார் அழைத்தார். செய்தி அவருக்கும் போயிருந்தது. "பார்த்தீங்களா? மாற்றம் இல்லைன்னு சொல்லிடுச்சு. பத்திரிகைக்குக் கொடுக்கப் போறேன்."

"குடுக்காதீங்க சேர். அது மலையையே பார்க்கல. நான் நிரலை நிப்பாட்டப் போறேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவள் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நிறுத்தும் கட்டளையை அனுப்பினாள்.

மழை ஓய்ந்து சனங்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். மலை அசையவில்லை. "வீணா எங்களை ஸ்கூல் தரையில படுக்க வெச்சிட்டியே, அப்பாவுக்கு இருமல் புடிச்சிருச்சு" என்று அம்மா குறைப்பட்டாள். மாடசாமி கடைச் சுவரிலிருந்த செய்தியைக் கிழித்துவிட்டதாகவும் சொன்னாள்.

"கிழிச்சா கிழிக்கட்டும்மா" என்று அஞ்சலின் எரிந்து விழுந்தாள். "அடுத்த தடவ கிராம சேவகர் ஐயா வந்து போகச் சொன்னா ஒடனே போங்க. என்னையக் கேக்காதீங்க."

பிறகு முகில் மூடிய பழைய படங்களைத் தேடியெடுத்து வரிசைப்படுத்தத் தொடங்கினாள். அப்படிப்பட்ட படம் வந்தால் 'தெரியவில்லை' என்று சொல்லக் கணினியைப் பழக்க வேண்டும். அது எத்தனை வாரம் எடுக்குமோ, அதுவரை கம்பனி தன்னை வைத்திருக்குமோ, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஷிபான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாதியை என்னட்டத் தா" என்றான்.