காய்ந்துபோன ஐந்தாவது ஸ்லைடு

எனக்குக் கோபம் மூக்கின் மேல். ஆய்வகத்தில் எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். என்னுடன் வேலை பார்க்கும் சோல்வெய்க் மட்டும் சட்டை செய்யமாட்டாள்.

அன்று தூவா என்ற நோயாளியின் கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சி, ஐந்து கண்ணாடி ஸ்லைடுகளில் பூசி சோல்வெய்க்கிடம் கொடுத்தேன். அவளுக்கு இருபத்து மூன்று வயது. சினைப்பையில் கிளம்பிய கட்டி கழுத்துவரை பரவியிருந்தது. வழக்கமான சினைப்பைப் புற்றுநோய்தான் என்று நான் எழுதிக் கொடுத்தால், கருப்பையோடு எல்லாவற்றையும் எடுத்துவிடுவதாக அறுவை மருத்துவர் ஹோகன் சொல்லியிருந்தான்.

"எனக்குக் கொழந்த பெத்துக்கணும், மாரித்," என்றாள் தூவா.

மகளிர் பிரிவு ஸ்லைடுகளை உடனே ஆல்கஹாலில் போட வேண்டும் என்பது எங்கள் விதி. ஆனால் மணி மூன்று. காபி நேரம் வந்தால் ஸ்வீடன்காரர்கள் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவோம். சோல்வெய்க் நான்கைத்தான் போட்டிருந்தாள். ஐந்தாவது மேசையிலேயே காய்ந்து கிடந்தது.

"கண்ண எங்கடி வச்சிருந்த? காபிப் பன்னுலயா?"

"கத்தாத. காஞ்சதுக்குன்னு தனிச் சாயம் இருக்குல்ல, அதுல போடறேன்."

நான்கு ஸ்லைடுகளிலும் பெரிய, முரட்டுச் செல்கள். வழக்கமான புற்றுநோய் என்று தட்டச்சு செய்துவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

"இதையும் ஒரு தடவ பாத்துடு தாயே," என்று ஐந்தாவதை நீட்டினாள்.

வேண்டாவெறுப்பாகப் பார்த்தேன். செல்களுக்குப் பின்னால் புலித்தோல் மாதிரி வரிவரியாக இருந்தது. ஐயோ! கருமுட்டையின் மூலச் செல்லில் முளைக்கிற அபூர்வக் கட்டி இது. மருந்துக்கே கரையும். ஆல்கஹாலில் போட்டால் அந்த வரிகள் தெரியாது.

உடனே ஹோகனை அழைத்தேன். "கத்தியக் கீழ வை. இது வேற கட்டி. ரத்தத்தப் பாரு, பயாப்ஸியும் எடு."

இரண்டும் அதையே சொல்லின. கெட்டுப்போன ஒரு சினைப்பையை மட்டும் ஹோகன் எடுத்தான்.

மயக்கம் தெளிந்ததும் தூவா கேட்டாளாம், "என்ன மிச்சம் வச்சீங்க?"

"கருப்பையும் இன்னொரு சினைப்பையும் பத்திரமா இருக்கு. இனி மருந்து பாத்துக்கும்," என்றானாம். அவள் அவன் கையை விடவே இல்லையாம்.

ஹோகன் ஃபோனில் இதைச் சொன்னதும் ஓடிப்போய் சோல்வெய்க்கைக் கட்டிக்கொண்டேன்.

"ரொம்ப நன்றிடி. உனக்கு நான் என்ன செஞ்சாலும் தகும்."

"அட, நான் மறந்துதானே போனேன்? கண்டுபிடிச்சது நீ."

"நீ நீட்டலேன்னா நான் பாத்திருக்கவே மாட்டேன்டி," என்றேன். "கையெழுத்துப் போட்டிருப்பேன்."