வெறும் ஊடகத்தில் கொஞ்ச நாள்

"உது என்ன கோதாரி? முள்ளு முள்ளாய்க் கிடக்கு."

"ஆர்ட்டிசோக். பூக்க முதலே மொட்டை முறிச்சு அவிச்சுத் தின்னுறது."

"இஞ்சை ஆர் உதைத் தின்னப் போகினம்?"

"இஞ்சை இல்லை, நுவரெலியாவிலை. இது வேர் விட்டுதெண்டால் அங்கை நாற்றுக்கூடம் போடப் போகினமாம். என்னைத்தான் போய்ப் பாக்கச் சொல்லுகினம்."

"விடாட்டி?"

"விடாட்டி வேறென்ன, உம்மோடை இருந்து வாழைக்குட்டி வெட்டுறதுதான்."

பிரவீணன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கொக்குவிலில் இருந்த அந்த இழைய வளர்ப்பு ஆய்வுகூடத்தில் முதல் ஆர்ட்டிசோக் கன்றுகள் வந்து இறங்கிய நாள் அது. கேள்வி கேட்ட, அவனோடு அங்கே வேலை செய்யும் ஸ்ரெல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேச்சை அவள் அதற்குப் பிறகு எத்தனையோ தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

செடி வேர் விடவேயில்லை. நுனியை வெட்டிப் போத்தலுக்குள் வைத்தால் ஒன்று பலவாகக் கிளைத்தது. வேர் விட வைக்கும் ஜெலிக்கு, வேர் ஊடகத்துக்கு, மாற்றினாலும் கீழே ஒரு நார்கூட இறங்காமல் மேலே கிளைத்துக்கொண்டே கிடந்து, கடைசியில் அடி கறுத்துச் செத்தது. ஸ்ரெல்லா காலையில் குருநகரிலிருந்து பஸ் ஏறி வந்து, கையை ஸ்பிரிட்டால் துடைத்துக் கண்ணாடி அடைப்புக்கு முன்னால் குந்தினால், பின்னேரம்வரை கத்தியைச் சுடுவதும் வெட்டுவதும் வைப்பதும் மூடுவதும்தான். எழும்பும்போது நாரி பிடித்து இடுப்பு நிமிராது. வீட்டில் அம்மாவின் மருந்தும் தம்பி பிள்ளைகளின் பாடமும் காத்திருக்கும்.

பிழை அவர்களுடையதுதான். எல்லோருக்கும் கை பழகியது வாழையில். கிளைக்க வைக்கும் ஊடகத்திலிருந்து வாழைக்குட்டியைத் தூக்கி நேரே வேர் ஊடகத்தில் வைத்தால் வேர் பொங்கி வரும். ஆர்ட்டிசோக்கையும் அப்படியே செய்துவந்தார்கள். அதுவோ கிளைக்கச் சொன்ன ஓமோனை உடம்புக்குள் வைத்துக்கொண்டு, போன இடத்திலும் கிளைத்துக்கொண்டிருந்தது.

"இடையிலை ஓமோன் ஒண்டும் இல்லாத வெறும் ஊடகத்திலை கொஞ்ச நாள் விடுவம்," என்றான் பிரவீணன். "பிறகு வேர் ஊடகத்துக்கு மாத்தி, முதல் கொஞ்ச நாள் இருட்டிலை வைச்சுப் பாப்பம்."

வைக்க வேண்டியது ஸ்ரெல்லா. இருட்டுக்காகப் போத்தல்களின் மேல் போடும் கறுப்புத் துணியை ஒரு பக்கம் சற்று விலக்கி விட்டாலே போதும். ஒருவருக்கும் தெரியாது. செடி வேர் விடாது, அவனும் போகமாட்டான். துணியைப் பிடித்திருந்த கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மூலைகளை இழுத்து, வெளிச்சம் புகாமல் ஒழுங்காகவே மூடினாள். அவ்வளவு களைப்பிலும் அவளுக்குப் பிழையாக வேலை செய்ய வரவில்லை.

அவன் இணுவில் சைவ ஆள், அவள் குருநகர் கத்தோலிக்கப் பெண். கோயில் கொடியேறினால் அவன் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் காய்ச்சமாட்டார்கள். ஆனாலும் மத்தியானம் அவள் மீன் குழம்பைத் திறந்தால் தட்டை நீட்டுவான். "திருவிழாவெல்லோ?" என்று அவள் கேட்டால், "முருகன் இணுவிலிலைதான் இருக்கிறார், கொக்குவிலுக்கு வாறேல்லை," என்பான். அவன் வேறு பெண் பார்க்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். மனதில் இருந்ததை அவனிடம் சொல்ல, தன் தங்கச்சியின் கலியாணம் முடியட்டும் என்றிருந்தாள். அது முடிந்தது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் குறையட்டும் என்றிருந்தாள். அது குறைகிற வருத்தமில்லை.

துணியை நீக்கியவள் சாருஜா, அடுத்த மேசைக்காரி. "அக்கா, வந்து பாருங்கோ. உங்கடை துரைமார் கால் ஊண்டிட்டினம்."

போத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாக வேர்கள் இறங்கியிருந்தன. பொறுப்பாளர் தேவராஜா உடனே நுவரெலியாவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஸ்ரெல்லா அந்த வேர்களைப் பார்த்தபடி கதிரையில் இருந்துவிட்டாள். நல்ல வேர்கள். அதையும் அவளால் மறுக்க முடியவில்லை.

வேர் நீண்டதும் ஒரு பின்னேரம் பின்பக்க நிழல்வலைக்குக் கீழே இருவரும் கன்றுகளைக் கழுவினார்கள். வேரில் ஒட்டிய ஜெலி முழுக்கப் போகாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அவள் கழுவிக் கொடுக்க அவன் தேங்காய்த் தும்புத்தூள் தட்டில் ஊன்றினான்.

"அடுத்த கிழமை வெளிக்கிடச் சொல்லிப்போட்டினம்."

"ஓம், சாருஜா சொன்னவள்."

"பொல்லாத குளிராம். காதை மூடிக் கட்டவேணுமாம்."

"உங்கடை காதுக்கு ரண்டு சால்வை வேணும்."

அவன் சிரித்தான். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

"நீர் ஒண்டும் சொல்லேல்லை," என்றான், கையிலிருந்த கன்றைப் பார்த்துக்கொண்டே.

"என்னத்தைச் சொல்ல?"

"தெரியாது. ஏதோ சொல்லுவீரெண்டு நினைச்சன்."

தண்ணீருக்குள் அவள் விரல்கள் ஊறிச் சுருங்கிப்போயிருந்தன. ஒன்றை மறைத்து வைத்திருக்கவும் தெம்பு வேண்டும். அவளிடம் அது மிச்சமில்லை. தம்பியும் அவன் பெண்சாதியும் அம்மாவைப் பார்ப்பார்கள். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் சத்தம் கேட்கும். கேட்கட்டும்.

அடுத்த கன்றை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கும்வரை கையை எடுக்கவில்லை.

"என்னைக் கலியாணம் கட்டிக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள்.