டென்சில் ரயில் ஏறிய புதன்கிழமை

மனோகர் இறந்து பதினான்கு மாதம் கழித்து, அவர் கட்டிவைத்த சர்வரைக் கிளவுடுக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குக் காரணம் டென்சிலின் வயிறு.

எங்கள் கம்பெனி, தங்கச் சுரங்கம் மூடிப்போன இந்த ஊரில், கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டே அறை. என் கணவர் மனோகர் ஒன்பது வருடம் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து வேலை பார்த்து, பிறகு அதை விட்டுவிட்டு இதை ஆரம்பித்தார். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போய் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொண்டிருக்கிற பழைய தொழிலாளிகளுக்கான சேவை அது. அறுநூற்றுப் பதின்மூன்று வீடுகள். சிலிண்டர் விற்பவர்கள் இரண்டு பேரும் ஒரு தர்ம ஆஸ்பத்திரியும் சேர்ந்து செலவை ஏற்றுக்கொண்டார்கள்.

எண்ணை அழுத்து, மொழியைத் தேர்ந்தெடு என்றெல்லாம் சொன்னால் இந்தக் கிழவர்கள் போனைக் கீழே வைத்துவிடுவார்கள் என்று மனோகருக்குத் தெரியும். அவர் அப்பாவும் தொழிலாளிக் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் இருந்து சுரங்கத்துக்கு இறங்கியவர்தான். அதனால் மிஸ்டு கால் போதும் என்று வைத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு மிஸ்டு கால் என்றால் நலம். இரண்டு என்றால் சிலிண்டர் தீரப்போகிறது. மூன்று என்றால் உடனே ஆள் வர வேண்டும். சுரங்க ஷாஃப்டில் கேஜை, அந்த இரும்புக் கூண்டை, இறக்கி ஏற்ற மணி அடிப்பார்களே, அதைப் பார்த்து வைத்தது. மூன்று மணி அடித்தால் கேஜில் இருப்பது ஆள், கல் இல்லை என்று அர்த்தம். யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சர்வர் முன்னறையில் மேஜைக்கு அடியில் இருந்தது. தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வரும் சாம்பல் நிறத் தூசி அதன் ஃபேனில் அடைத்துக்கொள்ளும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர், அது தீர்ந்தால் வாசலில் டீசல் ஜென்செட். யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து ஐந்து நாள் கரண்ட் இல்லாமல் இருந்த ஒரு வாரத்தில் மனோகருக்கு நெஞ்சு வலித்தது. பெங்களூருக்குப் போகலாம் என்றேன். "இன்னிக்கு ஒரு நாள் இத பாத்துக்கிறேன், நாளைக்குப் போலாம்" என்றார். மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் டென்சில் உட்கார்ந்தார். கேஜை இழுக்கும் வைண்டிங் இன்ஜின் ஹவுசில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மனோகருக்கு மூத்தவர், எனக்கு அண்ணன் மாதிரி. மனைவி இல்லை. தலையணையையும் கொண்டுவந்துவிட்டார். இன்வெர்ட்டர் பேட்டரிகளைத் தனியாளாகத் தூக்கித் தூக்கி குடல் இறங்கிவிட்டது. டாக்டர் தேதி கொடுத்தார். டென்சில் போகவில்லை. இன்னொரு தேதி கொடுத்தார். அதற்கும் போகவில்லை. இனிமேல் தள்ளினால் குடல் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மூன்றாவது தேதி, ஒரு வியாழக்கிழமை.

அந்த மேஜைக்கு இன்னொரு ஆளைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

மனோகரோடு வேலை பார்த்தவர்கள் மேகனாவைச் சொன்னார்கள். கம்பெனிகளின் சேவைகளைக் கிளவுடுக்கு மாற்றிக்கொடுப்பதுதான் அவளுடைய தொழில். முப்பது வயது இருக்கும். கன்னடக்காரி. ஆனால் பங்காரப்பேட்டையில் வளர்ந்ததால் தமிழ் வரும். வந்த அன்று கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. சர்வருக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மமதா அவரே, இது என்னென்ன செய்யுது, ஒண்ணு விடாம எழுதுங்க. உங்களுக்கு சில்லறையா தோணுறதும் எழுதுங்க" என்றாள்.

நானும் டென்சிலும் நான்கு நாள் எழுதினோம். பதினொரு பக்கம்.

டென்சிலுக்கு அவள்மேல் நம்பிக்கை வரவில்லை.

"எங்க கீது மா அந்த கிளவுடு? போயி பாக்க முடியுமா?"

"மும்பைல ஒரு கட்டடம், ஹைதராபாத்ல ஒரு கட்டடம் சார். ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும்."

"ஃபேன்ல தூசி வந்தா யாரு தொடைப்பாங்க?"

"உங்களுக்கும் எனக்கும் தெரியாத யாரோ."

"அதாம்மா எனக்கு பயம்."

அவள் சிரித்தாள். ஆனால் அவருடைய பயத்தை அலட்சியம் செய்யவில்லை. புதியது ஓட ஆரம்பித்த பிறகும் ஒரு வாரம் பழைய சர்வரை அணைக்கக் கூடாது என்றாள். ஏதாவது கோளாறு என்றால் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடலாம். திரும்பி வருவதில் வெட்கமே இல்லை, அதற்குத்தான் வழி வைத்திருக்கிறோம் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பரீட்சை நடந்தது. டென்சில் தன் போனில் ஒன்று அடித்தார். திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வந்தது. திரையைப் பார்த்துப் பார்த்து இரண்டு அடித்தார். மஞ்சள் வந்தது. பிறகு போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் மூணு இருக்கே சார்?"

"அத உங்க ஆளுங்களயே அடிக்கச் சொல்லு."

நான்தான் மேகனாவுக்கு விளக்கினேன். இங்கே யாரும் சும்மா மூன்று அடிக்க மாட்டார்கள். கேஜில் ஆள் இல்லாமல் மூன்று மணி அடித்தவனை அந்தக் காலத்தில் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் பதிவேட்டில் இத்தனை வருடத்தில் பொய்யாக வந்த மூன்று ஒன்றுகூட இல்லை. அவள் அதை மதித்தாள். பெங்களூரில் அவளுடைய அலுவலகத்திலிருந்து ஒருவர் மூன்று அடித்தார். ஒவ்வொரு தடவையும் மணி போகிறதா என்று கேட்டு, நிறுத்தி, மறுபடி எண்ணைப் போட்டு, நிதானமாக. சிவப்பு வந்தது. மேகனா தன் பட்டியலில் அதற்கு நேராகக் குறி போட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாற்றினோம். அறுநூற்றுப் பதின்மூன்று பெயரும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று டென்சில் தனியாக எண்ணினார். செவ்வாய்க்கிழமை குறையில்லாமல் போனது. புதன்கிழமை முற்பகல் வண்டிக்கு அவரை நானே ஸ்டேஷனில் கொண்டுபோய் ஏற்றினேன். மாலைக்குள் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் ஆபரேஷன். ஜன்னல் வழியாக, "ஜென்செட்டுக்கு டீசல் ஊத்திட்டேன்" என்றார். "இனிமே யாருக்கு அண்ணா டீசல்" என்றேன். வண்டி கிளம்பிவிட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பி அரை மணிநேரம் இருக்கும். பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டிலிருந்து, அங்கே டெய்லர் கடை வைத்திருக்கும் மேக்ஸ்வெல் நேராக என் போனுக்கே கூப்பிட்டார்.

"இன்னா மா நடக்குது அங்க? கங்கம்மாக்கா மூணு அடிச்சி நாப்பது நிமிஷம் ஆவுது. ஒருத்தனும் வரல. பெருசுக்கு உதடு நீலமாயிடுச்சி."

திரையைப் பார்த்தேன். ஜம்புலிங்கம், பாலகாட். பச்சை. நலம்.

அந்தப் பச்சையைப் பற்றி இன்று எழுதும்போதும் என் கை நின்றுவிடுகிறது.

ஆஸ்பத்திரி நர்ஸ் சம்பங்கிக்குச் சொல்லிவிட்டு, சிலிண்டர் வண்டியை அனுப்பிவிட்டு, ஆட்டோவில் ஓடினேன். நான் போனபோது சம்பங்கி வேறு சிலிண்டரை மாட்டியிருந்தாள். பழையதில் வாஷர் தேய்ந்து காற்றெல்லாம் வெளியே போயிருக்கிறது. ஜம்புலிங்கம் கட்டிலில் சாய்ந்து, முகமூடிக்குள் கண்ணை மூடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கங்கம்மா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"மூணு அடிச்சேன் மா. சாமி சத்தியமா அடிச்சேன். பத்து நிமிஷம் கழிச்சி இன்னொரு வாட்டி அடிச்சேன்."

"எப்படி அடிச்சீங்க மா?"

"இது இன்னா கேள்வி? மணி எப்படி அடிப்பாங்களோ அப்படி."

ஜம்புலிங்கம் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டி, கட்டிலின் இரும்புக் கம்பியில் விரல் முட்டியால் தட்டினார். டக், டக், டக். மூன்றும் சேர்ந்து ஒரு மூச்சு நேரம்கூட இல்லை.

அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. அடித்து வெட்டி, அடித்து வெட்டி, பத்து விநாடிக்குள் மூன்று. நாங்கள் எழுதிக்கொடுத்த பதினொரு பக்கத்தில் மூன்று என்று எழுதியிருந்தோம். எத்தனை வேகம் என்று எழுதவில்லை. இங்கே யாருக்கும் அது எழுதுகிற விஷயமே இல்லை.

மேகனாவிடம் போனில் சொன்னேன். அவள் உடனே பதிவைத் திறந்து பார்த்துச் சொன்னாள். வெளியிலிருந்து தொல்லை தருகிறவர்களைத் தடுக்கப் புதிய இடத்தில் ஒரு காவல் உண்டு. ஒரே எண்ணிலிருந்து சடசடவென்று வந்தால் அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு தடவையும் மூன்றை ஒன்று என்று எடுத்துக்கொண்டு, நலம் என்று எழுதியிருக்கிறது.

"தப்பு என்னோடது மமதா அவரே."

"எழுதினது நான்."

"எழுதாததக் கேக்குறதுதான் என் வேலை. பழசுக்கே திரும்பிடலாம், இப்பவே. நான் இத சரி பண்ணி, நாளைக்கு மறுபடியும் மாத்தலாம். உங்க வார்த்தை வேணும்."

"திருப்பு" என்றேன். நான் கோரமண்டலுக்கு வருவதற்குள் அழைப்புகள் பழைய சர்வருக்கு வர ஆரம்பித்திருந்தன. மேஜைக்கு அடியில் ஃபேன் சத்தம் ஏறியிருந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் டென்சில் உட்கார்ந்திருந்தார். மேக்ஸ்வெல் அவருக்கும் போன் செய்திருக்கிறார். வழியில் பங்காரப்பேட்டையில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார். பை மேஜைக்குக் கீழே போயிருந்தது.

"பெரிய எக்ஸ்பர்ட்டு" என்றார். "ஹைதராபாத்துல ஒரு கட்டடம், பம்பாயில ஒரு கட்டடம். பாலகாட்டுல ஒரு கெழவன் சாவுறது ரெண்டு கட்டடத்துக்கும் தெரியல."

"சாகல அண்ணா. நல்லா இருக்காரு. பைய எடுங்க."

"எதுக்கு?"

"அடுத்த வண்டி இருக்கு. அதுவும் இல்லன்னா பஸ்."

"லூசா நீ? மெஷின் ஓடுது. யாரு பாக்குறது? ஆபரேஷன் அடுத்த மாசம் வெச்சிக்கலாம்."

"அவரும் நாளைக்குன்னுதான் சொன்னாரு."

டென்சில் என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார். மனோகர் பெயரை அந்த அறையில் நாங்கள் இருவரும் சொல்வதில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை. ஆனால் அவர் வயிற்றின்மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்.

"நீ பேட்டரி தூக்குவியா?"

"தூக்க மாட்டேன். மேக்ஸ்வெல்ல கூப்புடுவேன். ஒரே ஒரு நாள்தான். நாளைக்கு மறுபடியும் மாத்துறோம்."

"மறுபடியும் தப்பானா?"

"மறுபடியும் திருப்புவேன். எனக்கு இப்ப தெரியும். நீங்க திரும்பி வரக் கூடாது. வந்தா உள்ள விட மாட்டேன்."

"இது என் ஆபீஸ் இல்லன்னு சொல்றியா?"

"இது என் ஆபீஸ்னு சொல்றேன்."

அவருக்கு அது வலித்தது. வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "பேட்டரி தண்ணி கேன் கதவுக்குப் பின்னால கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தேன். கரண்ட் ஒரு தடவை போய் வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மேகனா நேரில் வந்தாள். கண் சிவந்திருந்தது. காவலைத் தளர்த்தி, எங்கள் அறுநூற்றுப் பதின்மூன்று எண்களிலிருந்து எத்தனை வேகத்தில் வந்தாலும் ஒவ்வொன்றையும் தனியாக எண்ணும்படி செய்திருந்தாள். தானே ஏழு தடவை அடித்துப் பார்த்தாளாம். "ஆனா நான் அடிக்கிறது போதாது. அடிக்கிறவங்களே அடிக்கணும்" என்றாள். அழைப்புகளை மறுபடியும் புதியதுக்கு மாற்றிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பாலகாட்டுக்குப் போனேன். அவளுடைய லேப்டாப்பைக் கங்கம்மாவின் தையல் மெஷின்மேல் வைத்தோம். சம்பங்கியும் வந்திருந்தாள்.

கங்கம்மா போனைத் தொட மறுத்துவிட்டாள். "இன்னிக்கு இன்னா ஆச்சு எங்களுக்கு? நல்லாத்தான இருக்காரு. நல்லா இருக்கும்போது மூணு அடிக்கச் சொல்றியே, உனக்கு மனசு வருதா?"

மேகனா லேப்டாப்பை மூடப் போனாள்.

ஜம்புலிங்கம் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். "குடு" என்றார்.

"நீங்க சும்மா இருங்க."

"நேத்து அடிச்சதுக்கு யாரும் வரலியே. அது இன்னும் முடியல. அதத்தான் அடிக்கிறேன்."

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தடித்த கட்டைவிரலால் அடித்தார். வெட்டினார். அடித்தார். வெட்டினார். அடித்தார்.

லேப்டாப்பில் அவர் பெயர் சிவப்பானது. என் போன் அடித்தது. சம்பங்கியின் போன் அடித்தது. மேகனா நேரத்தைப் பார்த்தாள். "அடிச்சு முடிச்சதுலருந்து பதினாலு செகண்ட்" என்று மெதுவாகச் சொன்னாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் என் போன் மறுபடி அடித்தது. டென்சில். ஆபத்துச் செய்தி போகும் எண்களில் அவருடையதும் இருந்ததை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்.

"இன்னா ஆச்சு அவருக்கு? நான் கெளம்புறேன். துணி மாத்திட்டாங்க, பரவால்ல, மேல ஒரு சட்டை போட்டுக்கினு..."

"ஒண்ணும் ஆகல அண்ணா. சோதிச்சுப் பாத்தோம்."

"மூணுல சோதனையா? எவன் அடிச்சான்?"

போனை ஜம்புலிங்கத்தின் காதில் வைத்தேன். "நான்தான்டா" என்றார் அவர். "நல்லாக் கேக்குது. போயி படு."

போனை நான் வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் டென்சில் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் ஒரு பெண் குரல் கன்னடத்தில், நேரமாகிவிட்டது, போனைக் கொடுங்கள் என்றது.

"மமதா."

"சொல்லுங்க அண்ணா."

"என் நம்பர அதுலருந்து எடுத்துடு. இல்லன்னா ஆபரேஷன் மேஜை மேல இருந்தும் எழுந்து வந்துடுவேன்."

லைன் துண்டானது. மேகனா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். செய்தி போகும் மூன்று எண்களில் நடுவில் இருந்தது அவருடையது. அதை நானே எடுத்துவிட்டேன்.