பூந்தமல்லியில் பன்னிரண்டடிப் பரவளையம்

1992 மார்ச் 15, ஞாயிறு. வானம் தெளிவு, மேகம் அறவே இல்லை, காற்று மிதமானது.

செயற்கைக்கோள் அலைவாங்கி என்பது, விண்ணிலிருந்து வரும் வலுக்குன்றிய அலைகளை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளையக் கிண்ணமாகும். திருமழிசை லேத் பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகள் கடைசல் வேலை செய்து, நாற்பத்தேழாம் வயதில் மாலைநேரக் கல்லூரியில் பட்டயம் பெற்ற எத்திராஜ் ஆகிய நான், அத்தகைய கிண்ணமொன்றைப் பூந்தமல்லி கேபிள் டிவி உரிமையாளர் அமீருதீனுக்காக வடிவமைத்தேன். விட்டம் 144 அங்குலம், ஆழம் 27 அங்குலம். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுக்க, குவியத்தூரம் 48 அங்குலம்.

ஞாயிறு காலை எட்டு முதல் பதினொன்று வரை கிரிக்கெட் தடையின்றித் தெரிந்தால், என்னைத் தம் தொழில்நுட்ப ஆலோசகராக அமர்த்துவதாக அவர் வாக்களித்திருந்தார். அப்பதவியை நான் எத்துணை விரும்பினேன் என்பதற்குச் சூத்திரம் இல்லை.

சனிக்கிழமை மாலை, சாம்பல்நிறப் பூச்சைத் தொடங்கும் வேளையில் அவர் தடுத்தார்.

"இன்னா அண்ணாத்தே, ஈயச் சட்டியாட்டம் மங்கிப்போய் கீது? பெயிண்ட்டு வேணாம். எம் மச்சான் கல்யாண அண்டாவுக்கே பாலீஷ் போடறவரு. மூஞ்சி தெரியணும்!"

வழவழப்பான பரப்பு நன்கு எதிரொளிக்கும் என்பது விதி. எனவே ஒப்புதல் அளித்தேன். முகம் தெரிந்தது; தலைகீழாக.

மறுநாள் படம் பளிங்குபோல் வந்தது. பத்து மணிக்குமேல் அமீருதீனின் மனைவி ஜரினா மாடியேறி வந்தார்.

"யார் ஊட்ல தோச தீயுது?"

எவர் வீட்டிலும் தீயவில்லை. ஆண்டில் இருமுறை, சில நாள்கள் மட்டும், சூரியன் செயற்கைக்கோளின் நேர்பின்னே வந்து நிற்கும். அன்று வந்து நின்றது. கண்ணாடியாகிவிட்ட கிண்ணம் வெயில் முழுவதையும் குவியத்திலிருந்த பெறுகருவியின்மேல் பாய்ச்சியது. அது புகைந்து, சாய்ந்து, குழம்பாகச் சொட்டியது. நூற்று நாற்பது வீடுகள் ஒரே குரலில் கத்தின.

பக்கத்து மாடியிலிருந்து கஜபதி கூவினான்: "நைனா, சூரியனையே புட்சிட்டியே! அதுல இன்னா சேனல் வருது?"

"அரை இஞ்சுகூட தப்பல பாய்! கணக்கு கரீட்டு!" என்றேன்.

"கரீட்டுதான்," என்றார் அமீருதீன். "மேட்ச்சு எங்க?"

ஜரினா கிண்ணத்தைச் சுற்றிவந்தார். "டிவிய வுடுங்க. இதுல பிரியாணிக்கு தம் போட்லாம். அண்ணன சமையலுக்கு ஆலோசகரா வெச்சுக்கலாம்."

அதற்கு முன்னால் 'தொழில்நுட்ப' என்ற சொல் சேர்க்கப்படுமா என வினவினேன். சேர்க்கப்படாது என்றனர். மறுத்தேன்.

எனது பதவி, தொடங்காமலே முடிவுற்ற நேரம்: காலை 10 மணி 21 நிமிடம்.