உட்கார்ந்து எடுத்த அளவு

சீட் கடைக்காரருக்கு மலை ஏறத் தெரியாது. ஆனால் மனுஷனை உட்கார வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பது வருடமாகத் தெருமுனைக் கடையில் கார், வேன், லாரி என்று வந்து நிற்கிற எல்லாவற்றுக்கும் இருக்கை தைத்துக் கொடுக்கிறவர். இடுப்பு வலி என்று வருகிற லாரி டிரைவரை முக்காலியில் உட்கார வைத்து, முதுகைத் தடவி, ஒரே விரலால் அழுத்தி "இங்கதானே?" என்பார். டிரைவர் துள்ளிக் குதிப்பார். ஒரு வாரம் கழித்து அதே டிரைவர், வலி போன இடம் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டிலேயே ஒரு கழுத்து மூன்று மாதமாக அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அது அவர் மனைவியின் கழுத்து.

அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். வாரத்தில் ஐந்து நாள் குனிந்து நின்று, ஊரார் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பது வேலை. சனிக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய் மிருகங்களைப் படமெடுப்பாள். வேலை சோறு போட்டது. மலைதான் அவளைச் சிரித்த முகமாக வைத்திருந்தது. கேமரா, முழங்கை நீளத்தில் ஒரு பெரிய லென்ஸ், கேமராவை நிறுத்தும் ஸ்டாண்டு, பைனாகுலர், தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒன்பது கிலோ. கடையில் வாங்கிய பை தோளை அறுத்தது. அதற்கு மாற்றாக வாங்கியது முதுகை அறுத்தது. கழுத்துக்கு ஒரு பட்டை வந்தது, தைலம் வந்தது, வெந்நீர்ப் பை வந்தது. வலி மட்டும் போகவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்தவர் கண்டது, சாப்பாட்டு மேஜையில் மனைவி அந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்ததை. எப்போதும் துடைப்பதுதான். அன்றைக்குத் துடைத்தது வேறு மாதிரி இருந்தது. வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்போகிற பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுகிற மாதிரி.

"என்ன, இவ்ளோ பாசமா துடைக்கிற?"

"தம்பிக்குக் குடுத்துடலாம்னு இருக்கேங்க. திங்கக்கிழமை வந்து எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

மைத்துனனுக்குக் கேட்கவா வேண்டும்! இன்ஷூரன்ஸ் விற்கிறவன், அக்காள் மலைக்குப் போவதைப் பார்த்துவிட்டுத் தானும் கேமரா வாங்கியவன். அந்த லென்ஸ் மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

"அப்ப மலை?"

"இந்தச் சனிக்கிழமை கடைசியா ஒரு தடவை போயிட்டு வந்துடறேன். நீர்நாய் குட்டிங்களோட வெளிய வர்ற நேரம். மூணு வருஷமா பாக்கறேன், தண்ணியில குமிழியைத்தான் எடுத்திருக்கேன்." சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் பார்க்க முடியவில்லை.

"வலிக்காம மேல போயிட்டு வந்துட்டா?"

"வலிக்கலேன்னா நான் ஏன் குடுக்கப் போறேன்?"

"சரி. அப்ப பை நான் தைக்கறேன். சனிக்கிழமை நானும் வர்றேன்."

அவள் கைத்துணி நின்றது. கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் சனிக்கிழமை கடையை அவர் அடைத்ததே இல்லை. காய்ச்சலிலும் ஷட்டரைத் தூக்கிவிட்டு முனகிக்கொண்டே தைத்தவர்.

வியாழக்கிழமை அவள் டாக்டரிடமிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். ரெக்சின் சுருள்களுக்கும் ஸ்பாஞ்சு அடுக்குகளுக்கும் நடுவே கிடந்த முக்காலியில் அவளை உட்கார வைத்து, இஞ்சு டேப்பைத் தோளிலிருந்து இடுப்பு வரை ஓட்டி, சாக்கட்டியால் அவள் சட்டை முதுகிலேயே கோடு போட்டு, அளவு எடுத்தார். வந்திருந்த வேன்காரரிடம் "நாளைக்கு வாங்க" என்றார். இரவு சாப்பிட வீட்டுக்கு வந்தபோதும் வாயில் நூல் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பை தயாரானது. கறுப்பு ரெக்சின், ஓரமெல்லாம் சிவப்பு பைப்பிங் கரை, அடியில் நாலு இஞ்சு ஸ்பாஞ்சு, அகலமான தோள்வார், இடுப்பைச் சுற்றி ஒரு வார். சாமான் எல்லாம் உள்ளே வைத்து, அவளை முக்காலியில் உட்கார வைத்து மாட்டினார். அவள் கண் விரிந்தது.

"என்னங்க இது, வெயிட்டே தெரியலயே!"

"தெரியாது," என்றார் அவர். கர்வத்தை மறைக்க அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை.

அவள் எழுந்தும் பார்த்திருப்பாள். அதற்குள் வேன்காரர் ஹாரன் அடிக்க, பையைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அவர் அதை வேலை முடிந்த திருப்தியோடு ஆணியில் மாட்டினார்.

சனிக்கிழமை விடிந்ததும் மலையடிவாரத்தில் மைத்துனன் நின்றிருந்தான். மார்பில் ஒரு பை, முதுகில் ஒரு பை, இடுப்பில் இரண்டு. அசைந்தால் கொக்கிகள் கிணுகிணுத்தன. எதைத் திறந்தாலும் சர்ரென்று ஒரு ஜிப்.

"மாமா, நீங்களா! கடைக்கு என்ன ஆச்சு? எரிஞ்சு கிரிஞ்சு போச்சா?"

"வாயைக் கழுவு மாப்ள. நட."

நடந்தார்கள். பாதை மரங்களுக்கிடையே வளைந்து ஏறியது. முதல் பத்து நிமிடம் மனைவி பேசிக்கொண்டே போனாள்: இது காட்டுப்பன்றி கிளறிய மண், அது மரங்கொத்தி போட்ட ஓட்டை. அடுத்த பத்து நிமிடம் கேட்டதற்கு மட்டும் பதில். அதற்கப்புறம் அதுவும் இல்லை.

"என்ன?"

"ஒண்ணுமில்லங்க."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆனவருக்கு "ஒண்ணுமில்ல" என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். இடுப்பு வார் இடுப்பில் இல்லை. ஏறி வயிற்றில் நின்றது. மூச்சு வாங்கும்போதெல்லாம் அது வயிற்றை இறுக்கியது. பாரம் முழுக்கத் தோளில் தொங்கியது. கடைசியில் ஒரு பாறையைக் கண்டதும் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த அடுத்த நொடி முகம் தெளிந்தது.

"அட!" என்றாள். "உக்காந்தா சொர்க்கமா இருக்கு. இப்ப வலியே இல்ல. எழுந்தாதான்..."

எழுந்து காட்டினாள். முகம் சுருங்கியது. மறுபடி உட்கார்ந்தாள். முகம் மலர்ந்தது.

சீட் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருடமாக அவர் அளவெடுத்தது எல்லாம் உட்கார்ந்த ஆட்களுக்கு. கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. அவளையும் முக்காலியில் வைத்து அளந்து, முக்காலியிலேயே மாட்டியும் பார்த்தார். பையின் அடி முக்காலியில் ஊன்றிக்கொண்டு நின்றது. பாரத்தைச் சுமந்தது முக்காலி. அவள் முதுகுக்கு என்ன தெரியும்?

மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, மலை ஏறப் பை தைக்கச் சொன்னா, மலைக்கே சீட் தைச்சுட்டீங்களே! நாலு சக்கரமும் போட்டிருந்தா அக்கா இப்படியே ஓட்டிக்கிட்டுப் போயிருக்கும்!"

மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான், வெட்கத்தோடு. ஆனால் சிரித்து ஓய்ந்ததும் மைத்துனன் கை நீட்டினான்.

"சரி, லென்ஸைக் குடு அக்கா. நானே தூக்கிக்கறேன். திங்கக்கிழமை எப்படியும் எங்கிட்ட வரப்போறதுதானே? வெயில் ஏறிட்டா நீர்நாய் பொந்துக்குள்ள போயிடும்."

அவள் கை பையின் மூடிக்குப் போனது. கொக்கியைக் கழற்றினாள். அந்தக் கழற்றலைப் பார்த்ததும் சீட் கடைக்காரருக்குக் கோபம் வந்தது. தன் மேல்தான். அவளுடைய சந்தோஷத்தைத் தன் கையால் கெடுத்தோமே என்று இருந்தது.

"அரை மணி குடு," என்றார். "மாப்ள, நீ போய் இடம் பிடி."

மைத்துனன் கிணுகிணுத்துக்கொண்டு மேலே போனான். சட்டைப்பையில் சாக்கட்டியும் வளைந்த ஊசியும் நைலான் நூலும் இல்லாமல் சீட் கடைக்காரர் போகிற இடம் ஒன்றுதான், குளியலறை. பேனாக்கத்தியால் இடுப்பு வாரின் தையலைப் பிரித்தார்.

"நில்லு."

நின்றாள். அவர் ஜாணால் அளந்தார்.

"இது பத்தாதுங்க. நின்னுக்கிட்டே யாரு மலை ஏறுவா? ஏறும்போது முன்னால சாய்வேன்ல?"

நியாயம்தான். "அப்ப நட. மேல போ, கீழ வா."

அவள் சரிவில் ஏறி இறங்கினாள். அவர் பின்னாலேயே, அவள் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல், கல்லில் இடறிக்கொண்டு நடந்தார். இடுப்பெலும்பு எங்கே அசைகிறது, பாரம் எங்கே போய் உட்கார வேண்டும் என்று பார்த்தார். அப்போது இன்னொன்றும் தெரிந்தது. அவளுடைய இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தது. நாள் முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்து நின்று குழாய் பிடித்த தோள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பெண்டாட்டி முதுகும் தெரியாமல் ஒருத்தன் இருந்ததற்கு என்ன சொல்வது? காலையில் அவள் வேலைக்குப் போகும்போது அவர் மெஷினில் குனிந்திருப்பார். சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவள் நடந்து போவதை நின்று பார்த்ததே இல்லை. அவருக்குக் கண் கலங்கியது. நூல் கோக்கக் கொஞ்சம் நேரமானது.

இடுப்பு வாரை நாலு விரல் இறக்கித் தைத்தார். பைக்கு அடியில் சும்மா கிடந்த ஸ்பாஞ்சை உருவி, இரண்டாக வெட்டி, இடுப்பெலும்பு படுகிற இடத்தில் வாருக்குள் திணித்தார். இடது தோள்வாரை ஒரு விரல் குறைத்தார். அடியில் படுத்துக் கிடந்த லென்ஸை முதுகோடு ஒட்டி நிமிர்த்தி வைத்து, அது ஆடாமலிருக்கத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுற்றி அடைத்தார்.

"கேமரா உள்ள இருக்கக்கூடாதுங்க," என்றாள் அவள். "நான் பையைத் திறக்கற வரைக்கும் எந்த மிருகம் நிக்கும்?"

ஸ்டாண்டின் வாரை அறுத்து, அதிலிருந்த கொக்கிகளைத் தோள்வார்கள் இரண்டிலும் முன்பக்கம் வைத்துத் தைத்தார். கேமரா நெஞ்சோடு ஒட்டி நின்றது. கழுத்தில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. ஊசி மூன்று இடத்தில் அவர் விரலைக் குத்தியிருந்தது. சிவப்பு பைப்பிங் அங்கங்கே பிய்ந்து பல்லிளித்தது. கடையில் இப்படி ஒரு வேலையை எந்தப் பையன் செய்திருந்தாலும் அவரே பிரித்துப் போடச் சொல்லியிருப்பார்.

மாட்டிக்கொண்டாள். பத்தடி நடந்தாள். இருபதடி நடந்தாள்.

"என்ன?"

அவள் நடை கூடியது. வளைவில் ஏறி, அடுத்த வளைவையும் தாண்டினாள். அவர் பின்னாலேயே ஓடப் பார்த்தார். தொடை நடுங்கியது, மூச்சு முட்டியது. முப்பது வருடம் உட்கார்ந்தே பிழைத்த கால்கள். மூன்றாவது வளைவில் கைவிட்டன. ஒரு மரத்தடியில் சரிந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். அவள் வெகு மேலே, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, பதினெட்டு வயசுப் பெண் மாதிரி ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்டாட்டி இப்படித் தன்னை நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போவதற்கு எந்தப் புருஷனாவது சந்தோஷப்படுவானா? அவர் பட்டார். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து முதலில் வந்தது கிணுகிணுப்பு. மைத்துனன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"நான் ஒரு ஜிப்பைத்தான் மாமா திறந்தேன். ரெண்டு பெரிசும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. அப்புறம் அக்கா, தூரத்துலயே லென்ஸை மாட்டிக்கிட்டு வந்து உக்காந்துச்சு. ஒரு சத்தம் இல்ல. கொக்கியில கை, அவ்ளோதான். கால் மணியில குடும்பமே வெளிய வந்துடுச்சு." பெருமூச்சு விட்டான். "திங்கக்கிழமை என்னை வர வேணாம்னுடுச்சு."

பின்னாலேயே மனைவி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையைக் கழற்றவில்லை. கேமராவின் திரையை அவர் முன்னால் நீட்டினாள். ஈரப் பாறையில் ஒரு நீர்நாய். கழுத்துக்குக் கீழே முட்டி மோதிக்கொண்டு மூன்று குட்டிகள். மீசையில் நின்ற தண்ணீர்த்துளிகளை எண்ணலாம் போலிருந்தது.

அவர் படத்தை அரைக்கண்ணால்தான் பார்த்தார். "கழுத்து எப்படி இருக்கு?"

"எந்தக் கழுத்து?" என்று கேட்டுவிட்டு, அவள் தானாகவே சிரித்தாள். புதன்கிழமை சிரித்த சிரிப்பு இல்லை இது. பிறகு அவர் முழங்காலைத் தட்டி, "அடுத்த சனிக்கிழமை கடை உண்டா?" என்றாள்.

எழுந்து நிற்கவே யாராவது கைகொடுக்க வேண்டிய நிலையில் இருந்தார் சீட் கடைக்காரர். இந்தக் கால்களை நம்பி வாக்குக் கொடுக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தார்.

"சாயங்காலமா திறந்துக்கலாம்," என்றார்.